பிராக்கேஜ் படங்களுக்கு இசை சேர்க்காதீர்கள்

திரைப்படச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சோதனைத் திரைப்படக் கலைஞர் ஸ்டேன் பிராக்கேஜின் மௌனப் படங்களைத் திரையிடும்போது, பார்வையாளர்கள் சலித்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பின்னணியில் ஏதேனும் இசையை ஓடவிடும் வழக்கத்தைச் சில திரையிடல்களில் காண்கிறேன். நல்லெண்ணத்தில் செய்வதுதான் என்றாலும், அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இசை தெரியாததால் அவர் ஒலியைத் தவிர்க்கவில்லை. இளம் வயதிலேயே நியூயார்க் சென்று ஜான் கேஜ், எட்கர் வரேஸ் போன்ற இசையமைப்பாளர்களுடன் பழகியவர் அவர். காது ஒன்றைப் பற்றிக்கொண்டால் கண் அதன் பின்னால் போய்விடும் என்பதை அறிந்தே, ஏறத்தாழ நானூறு படங்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஒலியின்றி விட்டார்.

1963இல் வெளிவந்த ‘மாத்லைட்’ படத்தைப் பாருங்கள். படச்சுருள் வாங்கப் பணமில்லாத நிலையில், விளக்கருகே செத்துக் கிடந்த விட்டில்களின் இறகுகளையும் இலை, புல், பூவிதழ்களையும் பொறுக்கியெடுத்து, 16 எம்.எம். அகலப் படச்சுருளை ஒட்டப் பயன்படும் ஒளிபுகும் ஒட்டுநாடாக்கள் இரண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி, கேமராவே இல்லாமல் அவர் உருவாக்கிய படம் அது. படச்சுருளில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படக்கட்டங்களே சட்டகங்கள்; இறகு அந்தச் சட்டக எல்லையை மதிப்பதில்லை. ஒரே இறகு பல சட்டகங்களில் துண்டுதுண்டாக விழுந்து, நொடிக்கு 24 முறை மாறித் துடிக்கிறது. அந்தத் துடிப்பே படத்தின் தாளம். அதன்மேல் நீங்கள் சேர்க்கும் தபலாவோ பியானோவோ இன்னொரு தாளத்தைத் திணிக்கிறது.

1964இல் அவருடைய 16 எம்.எம். கருவிகள் நியூயார்க்கில் திருடுபோயின. அவர் மலிவான 8 எம்.எம்.முக்கு மாறி, அதிலேயே ஒரு நீண்ட படவரிசையை எடுத்தார். பிற்காலத்தில் படச்சுருளின் மீது நேரடியாகச் சாயம் தீட்டினார். அந்தச் சாயங்களே தமக்குப் புற்றுநோயைத் தந்தன என்று நம்பினார். 2003இல் மரணப்படுக்கையில்கூட, கறுப்புப் படச்சுருளை எச்சிலால் நனைத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். இப்படி ஒவ்வொரு சட்டகமாகக் கையால் செய்தவர் ஒலித்தடத்தை மட்டும் மறந்துவிட்டிருப்பாரா?

இணையத்தில் கிடைக்கும் கோப்புகளைத் தரவிறக்கிக் காட்டுவதும் சிக்கலே. அடுத்தடுத்த சட்டகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்ற கணிப்பில்தான் காணொளிக் கோப்பின் அளவைச் சுருக்கும் முறை இயங்குகிறது. இவர் படங்கள் பலவற்றிலோ ஒவ்வொரு சட்டகமும் வேறு. விளைவாகத் திரையில் கட்டம் கட்டமான குழப்பமே மிஞ்சும். படச்சுருள் பிரதி கிடைக்காவிட்டால், முறையாக வெளியிடப்பட்ட டிவிடி போன்ற வட்டிலிருந்து, வேகத்தை மாற்றாமல், அரங்கை முழுமையாக இருட்டாக்கிக் காட்டுங்கள். அவரே ஒலி சேர்த்த படங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் ஒலியோடு திரையிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்