ஒரே தெரு, இரண்டு கையெழுத்து

புதுச்சேரி

அன்புள்ள மாறா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. வீட்டில் பாகப்பிரிவினை. பயப்படாதே, சண்டை இல்லை. மாடி தங்கைக்கு, கீழ்க்கட்டு எனக்கு. பின்கட்டு அத்தை பிள்ளைகளுடையது என்பதுதான் உனக்குத் தெரியுமே. அந்தக் காலத்திலேயே பெண்ணுக்குச் சரிபங்கா என்று, நொத்தேர் (பிரெஞ்சுப் பத்திர எழுத்தர்) எழுதிய பழைய பத்திரத்தைப் பார்த்து வக்கீலே வியந்தார். நாங்கள் ரெனோன்சான் குடும்பம், அதாவது சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏற்றவர்கள் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

பொன்னுத்தம்பி பிள்ளை பூட்ஸ் கதை நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். இந்த ஊர் வக்கீல் அவர். 1873-ல் ஐரோப்பியர் போடுகிற பூட்ஸோடு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி தடுத்தார். மனுஷன் விடவில்லை. வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். நாம் சின்ன வயதில் கேட்ட கதை அதோடு முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு போட்ட ஆணை. யார் வேண்டுமானாலும் அதிகாரி முன்னால் போய், சாதி வழக்கம், இந்து அல்லது முஸ்லிம் சட்டம் எல்லாவற்றையும் துறந்தேன் என்று எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் பிரெஞ்சு சிவில் சட்டப்படி. குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பெற முடியாது, சந்ததிக்கும் சேர்த்துத்தான். பொன்னுத்தம்பி 'லா போர்த்' ஆனார், அதாவது கதவு. பூட்ஸைக் கழற்ற மறுத்தவர் தன் பெயரைக் கழற்றிக் கொடுத்தார்.

சரி, சமமாக நடத்தினார்களா? 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். நாங்களும் பிரெஞ்சுக்காரர்தான் என்று கேட்டவர்களுக்குத் தனி வரிசை! இந்தப் பக்கம், வழக்கத்தை விட மாட்டோம் என்றவர்களின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் பல வருஷம் தேர்தல்களைக் கையில் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ரெனோன்சான்களுக்கு இடமில்லை.

வெள்ளைக்காரன் காலில் விழுந்தவர்கள் என்று நானும் ஒரு காலத்தில் என் கொள்ளுத்தாத்தாவைப் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள், தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள். வழக்கம் என்று மற்றவர்கள் காப்பாற்றியது இவர்களை வாசலிலேயே நிறுத்திய வழக்கத்தை. அதைத் துறப்பதில் இவர்களுக்கு என்ன நஷ்டம்? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் வரை வேலைக்குப் போனவர்கள், அங்கேயும் ஐரோப்பியன் சம்பளம் கொடு என்று மல்லுக்கு நின்றார்கள். காலில் விழுந்தவன் அப்படிக் கேட்க மாட்டான்.

வேடிக்கை 1962-ல். ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தானாக இந்தியர். பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ரெனோன்சானுக்கும் அதே விதி. எண்பது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து அந்த இடத்தில் செல்லாது. சைகோனில் இருந்த எங்கள் பெரியப்பா ஒன்றும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். இங்கிருந்த என் அப்பா ஒன்றும் எழுதாமலே இந்தியர் ஆனார். எதையும் துறக்காத குடும்பம் உங்களுடையது. சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) பென்ஷனை நினைத்து உன் அப்பா மட்டும் போய் எழுதிவிட்டு வந்தார். அன்று சாயந்திரம் இரண்டு பேரும் நம் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டது ஞாபகமிருக்கிறதா? எனக்கு ஒன்பது வயது, உனக்கும்தான்.

பிரெஞ்சுப் பெயரும் பிரெஞ்சு வாரிசுச் சட்டமும் இந்திய பாஸ்போர்ட்டும் எனக்கு. தமிழ்ப் பெயரும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் உனக்கு. உன் பேரனுக்கு இதை எப்படி விளக்குவாயோ, அது உன் பாடு.

ஜனவரியில் வருகிறாய் அல்லவா? முற்றத்துப் பக்கத்து அறை என் பங்கில்தான் இருக்கிறது. விசாவுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடு.

உன்,
பிலிப்பு