கணக்கில் வராத மருத்துவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அங்குள்ள மருத்துவமனை வாரியங்களின் நான்-எக்ஸிக்யூட்டிவ் (நிர்வாகம் சாராத) இயக்குநர்களை 'பொறுப்பு ஏதும் இல்லாத கௌரவ உறுப்பினர்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. அன்றாட நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை என்பது சரி. பொறுப்பு இல்லை என்பது தவறு. வாரியம் எடுக்கும் முடிவுக்குத் தலைமை நிர்வாகி எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு இவர்களுக்கும் உண்டு. தணிக்கைக் குழு முழுக்க இவர்களைக் கொண்டதுதான். 2019இல் இங்கிலாந்தில் வகுத்த அளவுப்படி இவர்களுக்கு ஆண்டுக்கு 13,000 பவுண்டு மதிப்பூதியம். மாதம் இரண்டு மூன்று நாள் வேலை.

அந்த இரண்டு மூன்று நாளில் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கூட்டத்துக்கு முன் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து சேரும். நிதி, காத்திருப்போர் பட்டியல், அவசரப் பிரிவின் நான்கு மணி நேர இலக்கு எல்லாம் முன்னால் இருக்கும். மருத்துவக் கல்வியும் பயிற்சியும் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் 'தகவலுக்காக மட்டும்' என்ற குறிப்போடு கிடக்கும். இது சிறிய பிசகு அல்ல. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேர்ந்த அவலங்களை விசாரித்து வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் தந்த அறிக்கை, 290 பரிந்துரைகளுடன், இதையும் சுட்டிக்காட்டியது: மருத்துவமனையில் நடப்பதை அருகிலிருந்து பார்க்கும் கண்கள் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும்தான். அவர்கள் சொல்வது வாரியத்தை எட்டவில்லையென்றால் நோயாளிக்கு நேர்வதும் எட்டாது.

பயிற்சியின் நிலையை அறிய ஓர் உறுப்பினர் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

முதலாவது, மருத்துவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஆண்டுதோறும் நடத்தும் தேசியப் பயிற்சிக் கணக்கெடுப்பின் முடிவு. வாரியத்துக்கு மருத்துவமனை முழுமைக்குமான சராசரியைத்தான் காட்டுவார்கள்; அது எப்போதும் பார்க்க நன்றாகவே இருக்கும். துறைவாரியாகப் பிரித்து, மூன்றாண்டுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும். ஒரே துறை மூன்றாண்டும் சிவப்பில் (மோசமான நிலையில்) நின்றால் அதைத் தற்செயல் என்று விட முடியாது. மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் தந்த துறையின் முடிவு வெளியாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிறிய துறைகளின் கஷ்டம் இப்படித்தான் மறைந்து போகிறது.

இரண்டாவது, பாதுகாப்பான பணி நேரத்தைக் கண்காணிக்கும் 'கார்டியன்' என்ற பொறுப்பாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வாரியத்துக்குத் தரும் அறிக்கை. பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 ஒப்பந்தத்தில் வந்த ஏற்பாடு இது. வாரச் சராசரி 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, தொடர்ந்த 168 மணி நேரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினாலோ, இரண்டு பணிகளுக்கு நடுவே ஓய்வு எட்டு மணி நேரத்துக்கும் கீழே போனாலோ அந்தத் துறைக்கு அபராதம். பயிற்சி மருத்துவர் கூடுதலாக நின்ற நேரத்தை மட்டுமல்ல, தவறவிட்ட வகுப்பையும் 'எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்' ஆகப் பதியலாம். பலரும் தடுமாறும் இடம் இது: ஒரு துறையிலிருந்து ஒரு பதிவும் வரவில்லை என்றால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதிவு செய்தால் மேலதிகாரியின் முகம் மாறும் என்ற பயமும் பூஜ்யத்தைத்தான் தரும். நிறைய பதிவு வரும் துறையைவிட, பதிவே வராத அறுவை சிகிச்சைத் துறையைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சிக்கு வரும் பணத்தின் கணக்கு. பயிற்சி இடங்களுக்காக மருத்துவமனைக்கு வரும் தொகை பொது வருவாயோடு கலந்துவிடுகிறது. எனவே பவுண்டில் கேட்பதைவிட மணியில் கேட்பது பலன் தரும். ஒரு பயிற்சி மருத்துவருக்கு மேற்பார்வையாளர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது பரவலான அளவு. ஒப்பந்த மொழியில் கால் 'பி.ஏ.' (பி.ஏ. என்பது வேலை நேரத்தை அளக்கும் அலகு; ஒரு பி.ஏ. நான்கு மணி நேரம்). நாற்பது பயிற்சி மருத்துவர்கள் இருந்தால் 10 பி.ஏ.; அதாவது ஒரு முழுநேர கன்சல்டன்ட்டின் (மூத்த நிபுணர் மருத்துவரின்) வாரம் முழுவதும். கன்சல்டன்ட்களின் பணித்திட்டங்களில் எழுதியிருப்பதைக் கூட்டினால் ஆறுதான் வருகிறது என்றால், மீதி நான்கு பி.ஏ. அளவு மேற்பார்வை யாரோ ஒருவர் இரவில் வீட்டில் உட்கார்ந்து செய்வது, அல்லது நடக்காமலே போவது.

தாள் மட்டும் போதாது. பயிற்சி மருத்துவர்களின் மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தால் போதும். மதிய வகுப்பில் பாதியில் பீப்பர் (வார்டிலிருந்து அழைக்கும் கருவி) ஒலித்து எத்தனை பேர் எழுந்து ஓடுகிறார்கள், திரும்பி வருகிறார்களா என்று பார்த்தால் போதும். 'பாதுகாக்கப்பட்ட வகுப்பு நேரம்' என்று அறிக்கையில் இருப்பதன் பொருள் அங்கே விளங்கிவிடும்.

நம் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற எழுதும் பிளாப் தேர்வை எழுதித் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களில் பலர் முதலில் சேர்வது பயிற்சி இடத்தில் அல்ல. 'டிரஸ்ட் கிரேடு', 'கிளினிக்கல் ஃபெலோ' என்ற பெயர்களில் மருத்துவமனையே நேரடியாக நியமிக்கும் இடங்களில். பயிற்சி மருத்துவர்களோடு அதே ரோட்டா (பணி முறைப் பட்டியல்), அதே இரவுப் பணி. ஆனால் மேலே சொன்ன கணக்கெடுப்பு பயிற்சியில் உள்ளவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் உரியது. எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் உரிமை எல்லா இடத்திலும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. பயிற்சிக்கென வரும் தொகையும் இவர்கள் பெயரில் வராது. மூன்று தாள்களிலும் இவர்கள் இல்லை. வாரியத்துக்கு இவர்கள் சம்பளச் செலவாக மட்டுமே தெரிகிறார்கள். நிர்வாகம் சாராத ஓர் உறுப்பினரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 'இந்த ரோட்டாவில் இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் எண்ணிக்கையில் இல்லை? அவர்களுக்கு மேற்பார்வையாளர் யார்?' என்று கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. பதில் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் ஏறும்வரை விடாமல் கேட்க வேண்டும்.

அங்கே வேலைக்குப் போகும் இளம் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: கல்வி மேற்பார்வையாளர் யார், அவருக்கு எனக்கென நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் பதியும் உரிமை உண்டா, வகுப்பு நேரத்தில் என் பீப்பரை வேறொருவர் வாங்கிக்கொள்வாரா.

அன்புடன்,
வாசகர்,
பர்மிங்ஹாம்