மீட்டருக்குத்தான் மானியமா? வட சென்னை எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் வணக்கம்.

கட்சி பார்த்து இதை எழுதவில்லை. உங்கள் தொகுதிகளில் வாடகை வீட்டில், அதிலும் ஒண்டிக்குடித்தனத்தில் இருப்பவர்களில் ஒருவராக எழுதுகிறேன். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் போய்ப் பாருங்கள். கீழே ரெண்டு போர்ஷன், மாடியில் ரெண்டு, மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஒன்று என்று ஐந்து அடுப்பு எரியும், வாசலில் மின்வாரிய மீட்டர் ஒன்றுதான் இருக்கும். நான் கேட்க வந்தது அந்த ஒற்றை மீட்டரைப் பற்றி.

2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், ஆட்சி மாறியபோதும் அதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த 100 யூனிட் குடும்பத்துக்கு என்று கொடுக்கப்படவில்லை, இணைப்புக்கு என்று கொடுக்கப்பட்டது. ஒருவர் பெயரில் மூன்று ஃபிளாட் இருந்து மூன்றிலும் தனித்தனி மீட்டர் இருந்தால் மூன்று தடவை சலுகை உண்டு. எங்கள் சந்தில் ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை, அதுவும் ஹவுஸ் ஓனர் பெயரில்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு குடும்பம் ரெண்டு மாதத்தில் 150 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, அவ்வளவுதான். தனி மீட்டர் இருந்தால் முதல் 100 இலவசம், மீதி 50 யூனிட்டும் மிகக் குறைந்த மானிய விலையில் வந்துவிடும், நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும். அதே ஐந்து குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் கணக்கு 750 யூனிட் ஆகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் வேறு விலைப்பட்டியல், 600-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கும் மேல். ஏசி போட்டுத் தூங்குகிற பெரிய வீட்டுக்கு வைத்த விலையை ஷீட் கூரைக்குக் கீழே வேர்த்துக்கொண்டு படுக்கிறவர்கள் கட்டுகிறார்கள். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9, 10 ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறார். எல்லா ஓனரையும் திட்ட எனக்கு மனசு வராது, வாடகையை நம்பியே காலம் தள்ளுகிற வயசான அம்மாக்களும் ஓனர்தான், அவர்களுக்கு வரும் பில்லே அப்படித்தான் இருக்கிறது. இந்தக் கோளாறு விதியில் இருக்கிறது. விதியை மாற்றக் கேள்வி எழுப்ப வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் இருந்து 2017 வரைக்கும் எங்கள் பக்கத்தில் ஓடியது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்பல் கழிவு கொசஸ்தலை ஆற்றில் இறங்கி மீன்பாடு போச்சு என்று எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். கரண்ட் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதற்கு ஊரிலேயே அதிக விலை கொடுப்பது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமல் இல்லை. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017 சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த ‘ஒழிய’ வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைந்துவிடுகிறது. ஒப்பந்தம் கேட்டால் வேறு வீடு பாருங்க என்பார்கள். யார் கேட்பது?

ஒப்பந்தம் இல்லாதவருக்கு முகவரிச் சான்று இல்லை. அது இல்லாவிட்டால் ஆதாரும் ரேஷன் கார்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும், ஓட்டும் அங்கேயே இருக்கும். 2025 டிசம்பரில், வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை, அதில் பெரும் பங்கு இடம் பெயர்ந்தவர்கள் என்ற கணக்கில் போனது. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவையும் நீக்குவது சரி. ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை வாடகை ஏற்றத்துக்குப் பயந்து தெரு மாறுகிறவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து எருக்கஞ்சேரிக்குப் போனவர் எந்த நாட்டுக்கும் போய்விடவில்லையே.

அதனால் கேட்கிறேன். தனி அடுப்பு இருக்கிற ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் இணைப்பு வேண்டும். ஓனர் கையெழுத்துப் போட மறுத்தால், வாடகை கொடுத்ததற்கு ஜிபே ஆதாரமோ அக்கம்பக்கத்தார் சாட்சியமோ போதும் என்று விதி வர வேண்டும், இணைப்பு இருப்பதாலேயே வீட்டில் உரிமை வந்துவிடாது என்று அதிலேயே எழுதிவிடுங்கள், ஓனர்களுக்கு இருக்கும் பயமும் போகும். அது வரும்வரை, ஒரே மீட்டரில் ஐந்து குடும்பம் என்றால் 100 இலவச யூனிட்டையும் விலை ஏறுகிற யூனிட் வரம்புகளையும் ஐந்தால் பெருக்கிக் கணக்குப் போடுங்கள். அப்புறம், வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு வார்டுக்கு வார்டு முகாம் வையுங்கள், வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்கான படிவம் 8-ஐயும் அங்கேயே வாங்கிக்கொள்ளத் தேர்தல் அலுவலரைக் கேளுங்கள்.

எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கிற விவாதம், அடுத்து அவைக்கு வரும்போது, உங்களில் ஒருவராவது எழுந்து அமைச்சரிடம் இதைக் கேளுங்கள்: வட சென்னையில் வீட்டு மின் இணைப்பு எத்தனை, ரேஷன் கார்டு எத்தனை, ரெண்டுக்கும் நடுவே விட்டுப்போன குடும்பங்கள் யார்? வரும் பதிலை உங்கள் தொகுதி அலுவலக வாசலில் ஒட்டி வையுங்கள். நாங்கள் வந்து படிக்கிறோம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாடகைக் குடித்தனக்காரர்