ஜீரோவுக்கும் கை இறுகும்

ஆசிரியருக்கு,

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர்கள் கொழும்பைத் தாக்கியது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தை எந்த வேகத்திலும் யாராலும் மிஞ்ச முடியவில்லை என்று எழுதியிருப்பது சரியல்ல. விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, இறக்கையின் ஏலரான் கேபிள்களோடு காலம் தள்ளியவன் நான். சும்மா விட மனசில்லை.

மெதுவாகப் பறக்கும்போது ஜீரோ சின்ன வட்டத்தில் திரும்பி எதிரியின் வாலைப் பிடித்துவிடும், உண்மைதான். ஆனால் எந்த விமானமும் திரும்புவதற்கு முன் ஒரு பக்கம் சாய வேண்டும். சாய்ப்பது இறக்கை முனையருகே அசையும் பலகையான ஏலரான். வேகம் இரண்டு மடங்கானால் அதன்மேல் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். அன்று அதை எதிர்க்க பைலட்டின் கைபலம்தான் இருந்தது.

1942 ஜூனில் அலாஸ்கா பக்கம் அக்குட்டான் தீவின் சதுப்பில் ஒரு ஜீரோ இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. பைலட் கோகா இறந்துபோனார். அமெரிக்கர்கள் அதைச் செப்பனிட்டு செப்டம்பரில் சான் டியாகோவில் ஓட்டிப் பார்த்தார்கள். 200 நாட், அதாவது சுமார் 370 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஏலரான் இறுகிவிட்டது. இடப்பக்கம் புரண்ட அளவுக்கு வலப்பக்கம் புரளவும் இல்லை. அப்புறம் என்ன, ஜீரோவோடு வட்டம் போடாதே, டைவ் அடித்து வேகம் பிடி, வலப்பக்கம் புரண்டு தப்பி வா என்று தங்கள் பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜீரோவை மட்டும் குறை சொல்வானேன்? பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் துணி போர்த்திய ஏலரான் வேகத்தில் உப்பிக்கொண்டதால் உலோகத் தகடு போட்டார்கள். அப்படியும் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 அதைவிட வேகமாகப் புரண்டது. அதற்கு ஈடாகப் புரள சில ஸ்பிட்ஃபயர்களின் இறக்கை முனையையே வெட்டிக் குட்டையாக்கினார்கள். அமெரிக்காவின் பி-38 கடைசி மாடல்களில்தான் ஏலரானுக்கு ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தின், துணை வந்தது. நான் பார்த்த ஹன்டர் ஜெட்டிலும் ஹைட்ராலிக் பழுதாகி வெறும் கைபலத்தில் ஓட்டிவந்த பைலட்டுகள் தோளைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவார்கள்.

கொழும்பில் நடந்தது வேறு. குண்டு விழும் நேரத்தில்தான் கொழும்புக்கு அருகே ரத்மலானை விமானத்தளத்திலிருந்து பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் ஓடி ஏறின. உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஜீரோவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அடுத்த வாரம் ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதல் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில் மோதியது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்து எழுதினால் நல்லது.

ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர்,
சேலையூர், சென்னை