கிளம்புவதற்கு முன் இதைப் படி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் நான் வண்டியில் பை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். மாடிப்படி மட்டும் வேண்டாம் என்று சொல். பெரியவளுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்து. மற்ற கதையெல்லாம் நேரில். அடுத்த மாதம் நீயும் என்னைப் போலத் தனியாக பைக்கில் நெடும்பயணம் கிளம்பப் போகிறாய் என்பதால், இன்றைய நாளைப் பற்றி இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன்னால், நமக்கு வண்டியைச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. அருகில் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் சிரித்தார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது, மாப்ளே. இரவும் பகலும் உள்ளே ஒரு ரீங்காரம், ஓய்வதே இல்லையாம். காது சோதித்த ஆடியோகிராம் தாளை எடுத்துக் காட்டினார். சமமாக வந்த கோடு, உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழுகிறது. பல வருடம் சத்தத்தில் இருந்தவர்களின் காதில் இந்தப் பள்ளம்தான் முதலில் வருமாம். பாலத்தடியில் நம் இருவரையும் நிற்கவைத்து, எஞ்சினைத் தொடாமலே "இடதுபக்கம் டாப்பட் தளர்ந்திருக்கு" என்று சொன்ன மனிதர்! அந்த டிக்டிக் சத்தம் இப்போது அவருக்குக் கேட்பதே இல்லை.

"எல்லாம் வண்டிச் சத்தத்தாலா?" என்று கேட்டேன். "வண்டி என்னடா பண்ணிச்சு? எல்லாம் காத்து" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஹெல்மெட்டின் அடிவிளிம்பிலும் முகத்தை மூடும் வைசர் இடுக்கிலும் காற்று சுழன்று அடிக்கிறதே, அதுதான் பெரிய சத்தம். அறுபதைத் தாண்டினால் எஞ்சின் சத்தத்தையே அது மூடிவிடும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டிப் போகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல் திருத்தி வெளியிட்ட வரையறையின்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்! நாமோ காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டுகிறவர்கள். உட்காதில் சத்தத்தை வாங்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதற்கு மருந்தும் கிடையாது.

அதனால் இந்தப் பயணம் முழுக்கக் காதில் நுரை அடைப்பானோடுதான் ஓட்டுகிறேன். இன்று காலையும் அப்படித்தான். டயர் சூடேறுவதற்குள் காற்றழுத்தம் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அடைப்பானைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். முதல் சில மணி நேரம் எவ்வளவு சுகம் தெரியுமா! காற்றின் இரைச்சல் கதவுக்கு அந்தப் பக்கம் போன மாதிரி ஆகிவிடும். ஆனால் பின்னால் வரும் லாரியின் ஹார்ன், செயின் ஒலி, டயர் சரளையில் ஏறும் சத்தம் எல்லாம் கேட்கும். இரைச்சல் தணிந்ததும் அவை இன்னும் தெளிவாகவே பிரிந்து வருகின்றன. ஒன்றை மட்டும் கவனி: சத்தம் குறைந்தால் வேகமும் குறைவு என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பார்.

நடுப்பகலில் திறந்த வெளி. பக்கக் காற்று பிடித்துத் தள்ளியது. எதிரே பெரிய லாரி வந்தால் முதலில் ஒரு தள்ளு, அது கடந்ததும் ஒரு இழு. கைப்பிடியை இறுக்காமல், முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு, தோளைத் தளர்த்தி விட்டால் வண்டி தானே நேராகிக்கொள்ளும். இதையும் அண்ணாச்சிதான் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் மழை. நல்ல மழை. மழைச்சட்டை போட ஒதுங்கியபோது அடைப்பானைக் கழற்றிப் பையில் வைத்தேன். மாற்று ஜோடியும் அதே பையில். சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து எல்லாம் வீணாயிற்று. சேறு பட்டதைக் காதில் வைக்கக் கூடாது, தொற்று வரும். சாயங்காலம் வரை வெறும் காதோடுதான் ஓட்ட வேண்டியிருந்தது. அதே வண்டி, அதே சாலை, காற்றும்கூட அடங்கியிருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், கழுத்து விறைத்துவிட்டது, எதைப் பார்த்தாலும் எரிச்சல். கண் சாலையில் இருக்கிறது, மனம் பிந்தி வருகிறது. தொண்ணூறில் போகிறபோது ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறோம். அந்த ஒரு நொடியைத்தான் இந்த இரைச்சல் தின்கிறது, மாப்ளே. காது போவது பல வருடக் கதை. இந்தக் களைப்பு அன்றைக்கே ஆளைக் கீழே தள்ளிவிடும். கூட ஓட்டுகிறவர் இருந்தால் "நிறுத்து, முகம் சரியில்லை" என்று சொல்வார். தனியாகப் போகிறவனுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்கு உன்னைப் பற்றிப் பயமாக இருப்பது இதனால்தான்.

வேகத்தைக் குறைத்து, அடிக்கடி நிறுத்தி, வந்து சேர்ந்தேன். அறைக்குள் நுழைந்தபோது இரண்டு காதும் 'கொய்ங்' என்றன. இப்போது அடங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு அடங்குவதில்லை.

செருகும் முறையைச் சொல்கிறேன், கேள். சுத்தமான விரலால் நுரையை மெல்லியதாக உருட்டு. எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழு. உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள். சத்தத்தை 30 டெசிபல் வாக்கில் குறைக்கும் என்று உறையில் போட்டிருக்கும். அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. இரண்டு மூன்று ஜோடியைத் தனித்தனி இடத்தில் வை, ஒன்று உடம்போடு இருக்கட்டும். போகிற ஊரின் சட்டத்தையும் பார்த்துக்கொள், காதில் எதுவும் வைக்கக் கூடாது என்கிற இடங்கள் உண்டு.

காற்றைத் தடுக்க உன் வண்டியில் முன்னால் இருக்கும் கண்ணாடியையும் ஒருமுறை சோதி. ஓடும்போது கால் வைக்கும் ஃபுட்பெக்கில் லேசாக எழும்பி நில். சத்தம் சட்டென்று குறைந்தால், கண்ணாடியின் மேல்விளிம்பில் உடைகிற காற்று நேராக உன் ஹெல்மெட்டில் அடிக்கிறது என்று அர்த்தம். உயரத்தை மாற்று. சிலருக்குத் தாழ்த்தினால்தான் அமைதி. சைலன்சரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உன் மாமனார் சொன்னதே போதும்.

அண்ணாச்சி வீட்டுப் பக்கம் போனால் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகப் பேசு. கத்தாதே. கத்தினால் சொற்கள் இன்னும் குழம்பித்தான் கேட்கின்றனவாம். அவருடைய பழைய டூல் பெட்டியை உனக்குத்தான் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார். சீக்கிரம் போய் வாங்கிக்கொள், காத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கு மலைப்பாதை. புது அடைப்பான் வாங்கி மேல்சட்டைப் பையில் போட்டாயிற்று. கிளம்பும் தேதியை எழுது. உனக்கும் ஒரு பெட்டி நானே வாங்கி அனுப்புகிறேன்.

உன்
மச்சான்