மோர் ஊற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழுதது மனதை விட்டுப் போகவில்லை. உன் அத்தை பருப்பில் நெய்யை ஊற்றிவிட்டார், என்னைப் போலப் பால், நெய் எதுவும் தொடாத நீ வெறும் ரசத்தோடு எழுந்துவிட்டாய் என்றாய். அவர் வேண்டுமென்று ஊற்றியிருக்க மாட்டார். பருப்பை இறக்கியதும் நெய்க் கிண்ணத்தைத் தேடிப் பழகிய கை அது.

நான் பாலை விட்டு ஆறு வருஷமாகிறது. டிராக்டர் வந்த பிறகு காளைக்கன்றுக்கு வயலில் வேலையில்லை. நம் பசுவின் கன்றை வியாபாரி ஓட்டிப்போனதும் மூன்று ராத்திரி பசு கத்தியது உனக்கும் நினைவிருக்கும். அதன் மடியில் கறந்து காபி போட என்னால் முடியவில்லை. ஆனால் அப்பாவுக்கு மீன் வேண்டும், தம்பிக்கு முட்டை, அப்பாயிக்குத் தயிரில்லாமல் சோறு இறங்காது. பங்குனியில் நம் மன்னார்குடி ராஜகோபாலசாமிக்கு வெண்ணெய்த்தாழி உற்சவம் வந்தால் அப்பாயியைக் கைப்பிடித்து அழைத்துப்போய், சாமி மேல் வீச வெண்ணெய் வாங்கிக் கொடுப்பது இன்றும் நான்தான். அது அவர் பக்தி. அதில் நான் தலையிட மாட்டேன்.

முதல் வருஷம் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்று இருந்தேன். அது தப்பு. சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஆகிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், நம் பக்கத்துச் சமையலில் பாதிக்கு மேல் பாலே கிடையாதே! இட்லிக்கு ஊற்றும் பாசிப்பருப்புக் கடப்பா, வாழைப்பூ உசிலி, திருவாதிரைக் களிக்கு வைக்கும் தாளகக் குழம்பு, வத்தக்குழம்பு, எதில் பால் இருக்கிறது? தாளிப்பை நெய்யிலிருந்து நல்லெண்ணெய்க்கு மாற்றினேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மோர்க்குழம்பு வைத்தால், அரைத்த தேங்காய் கொதித்து வந்ததும், மோர் ஊற்றுவதற்கு முன்னால் என் பங்கை எடுத்துவைத்து எலுமிச்சை பிழிந்துகொள்வேன். சர்க்கரைப் பொங்கல் எல்லோருக்குமே தேங்காய்ப்பாலில்தான், நெய் வேண்டியவர் இலையில் விட்டுக்கொள்வார். மீனை அப்பாவே கழுவிக் கொல்லை அடுப்பில் வைக்கிறார். மசாலா மட்டும் நான் அரைத்துக் கொடுக்கிறேன். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், எனக்கு அது போதும்.

தயிருக்கு ஏங்கினால் வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டு. அடி பிடிக்காமல் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்து போட்டு மூடிவை. முதல் தடவை உறைவது வாசனையாக இருக்காது, அதை உறைக்கு மட்டும் வைத்துக்கொள். அடுத்த தடவை நன்றாக வரும்.

இன்னொன்று, இதில் மட்டும் அம்மா கண்டிப்பு. பி12 சத்து செடிகொடியிலிருந்து கிடைக்காது. எனக்குப் பாதம் மரத்துப்போய், ரத்தம் பரிசோதித்த பிறகுதான் அது தெரிந்தது. நீ அதுவரை காத்திருக்காதே. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கு.

அத்தையிடம் நாளைக்கே, சமைக்கும்போது பக்கத்தில் நின்று, "நெய்யைக் கடைசியில் ஊற்றலாமா அத்தை, நான் முதலில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேள். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொல்லாதே. ஒருநாள் கடப்பா நீயே செய்து இட்லிக்கு ஊற்று.

வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் அப்பா வருகிறார். வேர்க்கடலையும் நல்லெண்ணெயும் கொடுத்தனுப்புகிறேன். அத்தைக்கு நல்ல நெய்யும் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், உன் கையால் கொடு.

அம்மா