பாட்டோடு சேர்த்துக் குக்கர் விசிலையும் எடுத்து வையுங்கள்

இந்திய மரபுடைமை நிலையத்தாருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் நினைவுகூரும் கண்காட்சி என்றால் சிங்கப்பூரில் உள்ளே என்ன இருக்கும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். தோ பாயோ டிராகன் விளையாட்டிடத்தின் படம், நாட்டுக்கொடி அழிப்பான், ஐந்து கல், பேஜர், பஸ்ஸுக்கும் ரயிலுக்குமான பழைய டிரான்சிட்லிங்க் அட்டை. அவற்றோடுதான் நாங்களும் வளர்ந்தோம், குறையில்லை. ஆனால் நான் பார்த்த கண்காட்சிகளில் தமிழ்க் குடும்பத்தின் பங்கு என்று வைத்திருந்தது பெரும்பாலும் ஒரு குத்துவிளக்கும் பட்டுச் சேலையும்தான். குத்துவிளக்கை எந்தப் பத்தாண்டில் வைத்தாலும் பொருந்தும். அந்தக் காலத்துக்கே உரிய பொருள் இன்னமும் எங்கள் வீட்டு அலமாரிகளின் மேல் பிஸ்கட் டின்களில் கிடக்கிறது: வீட்டில் பதிந்த கேசட்.

கடையில் வாங்கிய கேசட்டைச் சொல்லவில்லை. சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்ற படப்பாட்டு நாடாக்களை எங்கு வேண்டுமானாலும் தேடிப் பிடிக்கலாம். நான் சொல்வது வெற்று நாடா வாங்கி, வானொலியிலிருந்து நாங்களே பிடித்தவை. ரேடியோவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் வரும் செட் எல்லார் வீட்டிலும் இல்லை. ரேடியோவுக்கு எதிரே ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, யாரும் பேசக்கூடாது என்று அப்பா விரலை உதட்டில் வைப்பார். யார் கேட்டார்கள்?

என்னிடம் இருக்கும் ஒரு நாடாவில் நேயர் விருப்பம் ஓடுகிறது. அங் மோ கியோ, பிடோக், ஈசூன் என்று அறிவிப்பாளர் ஊரும் பேருமாக வாசித்துக்கொண்டே போகிறார். பாட்டு தொடங்கியதும் அடுப்படியில் குக்கர் விசில். சரணம் வரும்போது கீழே பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரின் ஹார்ன். அப்புறம் பக்கத்து வீட்டில் சீனர்களின் மாஜோங் ஆட்டக் காய்களைக் கலைக்கும் சத்தம், யாரோ கதவைத் திறக்கும் சத்தம், அதற்குப் பின்னால் மலாயில் உள்ளே அழைக்கும் அம்மாவின் குரல்: “மாசோக்லா மக்சிக், பசியாறிட்டுப் போங்க.” எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அப்பா “ஷ்ஷ்” என்கிறார், அதுவும் பதிவாகியிருக்கிறது. பாட்டைக் கைப்பேசியில் இந்த நிமிடமே கேட்டுவிடலாம். நான்கு மொழிக்காரர்கள் ஒரே தாழ்வாரத்தில் வாழ்ந்த அந்தக் காலை நேரத்தை வேறெங்கே கேட்பது?

இதை ஏக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதோடு தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் முடிந்தது. அதே ஆண்டுகளில்தான் தமிழ்க் குடும்பங்கள் தீவெங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக்குகளில் மாடிக்கு ஒன்றிரண்டாகச் சிதறின. தொலைக்காட்சியில் தமிழ், மாண்டரினோடு 8ஆம் ஒளிவழியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. 1995இல் பிரைம் 12க்குப் போனது, 2000இல் சென்ட்ரல் ஒளிவழிக்கு வந்தது. வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபரில்தான். ஆக, இன்று ஒலி 96.8 என்று நாம் அறியும் தமிழ் வானொலி வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அடுத்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லாதவர்களுக்கு அது அடுத்த வீடாக இருந்தது. நிலையத்தில் பதிந்த பிரதி எங்காவது பத்திரமாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களின் பக்கம் அதில் கிடையாது. அது எங்கள் கேசட்டில்தான் இருக்கிறது.

(இடையில் ஒன்று: இந்தக் கண்காட்சிகளில் இசைத்தட்டுச் சுழலும் கிராமபோனை வைக்கிறீர்கள், படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் புளோக்கில் யார் வீட்டில் அது இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.)

நம்மூர் ஈரக்காற்று நாடாவை விட்டுவைக்காது. பெட்டியைத் திறந்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. காசை மிச்சம் பிடிக்க நாங்கள் விரும்பி வாங்கிய 90 நிமிட நாடா, 60 நிமிட நாடாவைவிட மெல்லியது; சிக்கவும் அறுந்துபோகவும் அதுதான் முந்திக்கொள்ளும். கல்யாண வீடியோக்களின் கதி இன்னும் மோசம். விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016இல் நிறுத்திவிட்டது. இதற்கிடையே பெற்றோர் சிறிய வீட்டுக்கு மாறுகிறார்கள், பழைய புளோக்குகள், அரசு எடுத்துக்கொண்டு மறுமேம்பாடு செய்யும் செர்ஸ் திட்டத்தில் இடிபடுகின்றன. வீடு காலி செய்யும் நாளில் பித்தளைச் சாமானுக்கு உறவுக்காரர்கள் போட்டி போடுவார்கள். பிஸ்கட் டின் நேரே குப்பைக் குழாய்க்குப் போகும்.

எனவே கேட்கிறேன். கேம்பல் லேனில் உள்ள மரபுடைமை நிலையத்தில், தீபாவளிக் கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பிளேயர்களும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களுமாக உட்காருங்கள். மக்கள் நாடாவைக் கொண்டுவரட்டும், அங்கேயே மின்பதிவு செய்து அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் மழலையும் இறந்துபோனவர்களின் குரலும் அதில் இருக்கும். அசலை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது.

பதிந்தபின் தயவுசெய்து ‘சுத்தம்’ செய்யாதீர்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு விசிலும் ஹார்னும் குப்பை. எங்களுக்கு வேண்டியது அந்தக் குப்பைதான். பாட்டின் உரிமை வேறொருவருடையது என்ற சிக்கல் இருந்தால் இணையத்தில் ஏற்ற வேண்டாம், காப்பகத்திலேயே உட்கார்ந்து கேட்க ஓர் அறை போதும்.

காப்பகத்தாரிடம் இன்னொன்று. 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்துவருகிறீர்கள். ஒரு மூத்தவரிடம் “அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது” என்று கேட்டால் “கஷ்டப்பட்டோம், ஆனா ஒத்துமையா இருந்தோம்” என்பார், பேட்டி அங்கேயே நின்றுவிடும். அவர் வீட்டு நாடாவையே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். “இது மூணாவது மாடி சரசுக்கா குரல்” என்று தொடங்குவார், நிறுத்த முடியாது. பொதுமக்களே ஆவணங்களைப் படியெடுத்துத் தரும் திட்டத்தை 2015இல் ஆரம்பித்தீர்களே, அதில் இந்தத் தமிழ் ஒலிப்பதிவுகளையும் சேர்த்தால் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் பலர் ஆர்வத்தோடு உட்காருவார்கள்.

தேதி குறித்தால் முதல் ஆளாக வந்து நிற்கிறேன். பிளேயர் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்; என்னுடையது இப்போதெல்லாம் நாடாவைத் தின்கிறது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு பழைய நேயர்